காரின் தோல் இருக்கையைத் தூய்மை செய்வதும் காப்பதும்

ஐந்து ஆண்டு ஓடிய ஒரு காரை வாங்கியிருக்கிறீர்கள். அதன் இளம்பழுப்பு நிறத் தோல் இருக்கைகளில் ஓட்டுநர் இருக்கை மட்டும் கறுத்துப் பளபளக்கிறது. உட்காரும் பகுதியில் ஜீன்ஸின் நீலம் ஏறியிருக்கிறது. ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பில் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. வீட்டுப் பெரியவர் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். தடவலாமா, இல்லையென்றால் வேறு எப்படித் தூய்மை செய்து காப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வாணியம்பாடியில் ஒரு தோல் ஆலையின் பினிஷிங் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது சென்னையில் கார் இருக்கைகளைச் செப்பனிட்டு வருபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே சொல்கிறேன். எண்ணெய் தடவ வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது விளங்கிவிட்டால், மற்றக் கேள்விகளுக்கான விடையில் பாதி அதிலேயே கிடைத்துவிடும்.

கார் இருக்கையில் நம் கை தொடுவது பெரும்பாலும் தோலை அல்ல, தோலின் மேல் ஏற்றப்பட்ட வண்ணப்பூச்சை. மாட்டுத் தோலைப் பதனிட்டு, ஏறத்தாழ 1 முதல் 1.2 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, சாயமேற்றி, உள்ளே எண்ணெய் ஊட்டி, உலர்த்தியபின்தான் பினிஷிங் பிரிவுக்கு அது வரும். அங்கே நிறமியும் பிசினும் கலந்த அடிப்பூச்சைத் தெளித்து, வரிகளை அழுத்திப் பதித்து, அதன்மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை மேற்பூச்சு ஒன்றை ஏற்றுவோம். இந்தப் பூச்சுகள் அனைத்தும் சேர்ந்தாலும் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் இருக்கும். பூச்சின் கனம் 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதை வெறுமனே ‘தோல்’ என்று சொல்லி விற்கக் கூடாது என்பது ஐரோப்பியத் தர வரையறை. அவ்வளவு மெல்லிய அந்தப் படலம்தான் வியர்வையையும் வெயிலையும் உராய்வையும் தாங்குகிறது. அது நன்றாக இருக்கும்வரை அடியிலுள்ள தோலுக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே தோல் இருக்கையைப் பராமரிப்பது என்றால், நடைமுறையில் அந்த மேற்பூச்சைப் பராமரிப்பதுதான்.

பூச்சே இல்லாமல், அல்லது மிக மெல்லிய பூச்சோடு வரும் அனிலைன் வகைத் தோலும் உண்டு. விலையுயர்ந்த சில கார்களில் மட்டும் அதைப் பார்க்கலாம். உங்கள் இருக்கை எந்த வகை என்பதை அறிய, மறைவான ஓரிடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். சொட்டு உருண்டு நின்றால் பூச்சுள்ள தோல். உறிஞ்சப்பட்டு அந்த இடம் கருத்தால் பூச்சில்லாத தோல், அல்லது பூச்சு தேய்ந்துபோன தோல். அதோடு இன்னொன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் தோல் இருக்கை என்று சொல்லி விற்கப்படும் பல கார்களில் முழுவதுமே செயற்கைத் தோல்தான். வேறு பலவற்றில் உடம்பு படும் முகப்பில் மட்டும் உண்மைத் தோல் இருக்கும், பக்கவாட்டிலும் முதுகுப்புறத்திலும் ரெக்சின் இருக்கும். வெட்டு விளிம்பு எங்காவது கண்ணுக்குப் படுமானால் பாருங்கள்: அடியில் நெய்த துணியோ பின்னல் துணியோ தெரிந்தால் ரெக்சின், நார் நாராகப் பஞ்சுபோலத் தெரிந்தால் தோல். தூய்மை செய்யும் முறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், தோலை மென்மையாக வைக்கவென்று விற்கும் கண்டிஷனரை ரெக்சினுக்கு வாங்கிப் பூசுவது வீண்செலவு.

இனி எண்ணெய்க்கு வருகிறேன். பெரியவர் சொன்னது ஆதாரமில்லாத பேச்சு அல்ல. ஆவாரம்பட்டையில் பதனிட்ட பழைய செருப்புத் தோலுக்கு மேற்பூச்சு கிடையாது. அது எண்ணெயைக் குடிக்கும், குடித்தால் இளகும், கடிக்காது. அந்த அனுபவம் அந்தத் தோலுக்கு முற்றிலும் சரி. கார் இருக்கையின் பாலியூரித்தேன் படலமோ எண்ணெயை அடியிலுள்ள தோல்வரை விடுவதில்லை. ஆலையில் ‘பேட்லிக்கர்’ என்று சொல்லும் எண்ணெயூட்டலைத் தோல் ஈரமாக இருக்கும்போதே, சுழலும் பீப்பாயில் போட்டு, நார்களுக்கு நடுவே புகும்படி செய்து முடித்துவிடுவார்கள். அது அவ்வளவு எளிதில் வெளியேறுவதும் இல்லை. நீங்கள் மேலே தடவும் எண்ணெய் மேலேயே தங்கும். தங்கித் தூசியைப் பிடிக்கும். தையல் துளைகளிலும் காற்றோட்டத் துளைகளிலும் இறங்கும். அங்கே ஏசிக் குளிரில் உறைந்து வெள்ளை வெள்ளையாக நிற்கும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியில் உறையத் தொடங்குவதை மார்கழியில் எல்லோரும் பார்த்திருப்போம். நல்லெண்ணெயாக இருந்தால் நாளடைவில் மஞ்சளித்துப் பிசுபிசுக்கும்.

அதைவிட முக்கியமான கேடு ஒன்று உண்டு. எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்கள் மேற்பூச்சுக்குள் மெல்ல ஊறி அதை இளக்குகின்றன. பழைய கார்களில் தலைசாய்ப்பும் முதுகின் மேற்பகுதியும்தான் பல நேரங்களில் முதலில் பிசுபிசுத்து உரியும். தலைக்குத் தேய்த்த எண்ணெய் நாள்தோறும் படும் இடம் அதுதான். தற்செயலாகப் படும் எண்ணெயே அவ்வளவு செய்யும்போது, வேண்டுமென்றே அதை இருக்கை முழுவதும் பூசுவதில் பொருளில்லை. வெயிலில் சூடேறிய காருக்குள் எண்ணெய்ப் பொருள்கள் ஆவியாகி முன்கண்ணாடியின் உட்புறத்தில் மங்கலாகப் படிவதும் உண்டு. அதைத் தவிர்ப்பதற்காகவே கார்த் தோலுக்கென்று எளிதில் ஆவியாகாத எண்ணெய்களைத் தேர்ந்தெடுத்து ஆலைகள் ஊட்டுகின்றன. கண்ணாடியில் எவ்வளவு படிகிறது என்பதைச் சோதிக்கத் தனிச் சோதனை முறையே இருக்கிறது.

உங்கள் ஓட்டுநர் இருக்கை பளபளப்பதைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். பலர் அதைத் தோல் மெருகேறிவிட்டதன் அடையாளம் என்று எண்ணுகிறார்கள். ஆலையிலிருந்து வெளிவரும் கார்த் தோல் மினுமினுக்காது. மேற்பூச்சிலேயே பளபளப்பை அடக்கும் பொருளைக் கலந்துதான் தெளிப்போம். ஆகையால் பளபளப்பு வந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் அது அழுக்கு. வியர்வையும் உடம்பு எண்ணெயும் தெருத்தூசியும் சேர்ந்து தோலின் நுண்வரிகளை நிரப்பிச் சமமாக்கிவிடுவதால் ஒளி அங்கே பட்டுத் தெறிக்கிறது. அந்தத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத மணல் இருக்கிறது; ஒவ்வொரு முறை நீங்கள் ஏறி இறங்கும்போதும் அது உப்புத்தாள்போல மேற்பூச்சைத் தேய்க்கிறது. இருக்கை கெடுவது ஊட்டம் போதாமல் அல்ல, அழுக்கோடு தேய்வதால்தான் என்பது என் உறுதியான கருத்து. விலையுயர்ந்த கண்டிஷனரை ஆண்டுக்கு இருமுறை பூசுபவரின் இருக்கையைவிட, வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பவரின் இருக்கை நன்றாக இருப்பதைத்தான் நான் பார்த்து வருகிறேன்.

தூய்மை செய்யும் முறையைச் சொல்கிறேன். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். இருக்கை தொட்டால் சூடாக இருக்கக் கூடாது. சூட்டில் திரவம் துடைப்பதற்குமுன் காய்ந்து கறையாகிவிடும். முதலில் வேக்குவம் கிளீனரின் மென்மையான தூரிகை முனையால் தையல் இடுக்குகளையும், உட்காரும் பகுதியும் முதுகும் சேரும் பள்ளத்தையும் நன்றாக உறிஞ்சி எடுங்கள். இந்த வேலையை விட்டுவிட்டு நேரே ஈரத்துணியை எடுத்தால், மணலை வைத்து இருக்கையைத் துலக்கியதுபோல ஆகும். பின்னர் தோலுக்கென்றே விற்கும், நீர் சார்ந்த, காரத்தன்மை இல்லாத கிளீனர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நுரையாக வருவது நல்லது, ஏனென்றால் குறைந்த ஈரத்தில் வேலை முடியும். ஓட்டுநர் இருக்கையின் அடிப்புறத்திலோ பின்புறத்திலோ ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் முதலில் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் அழுக்குக்குப் பதில் இருக்கையின் நிறம் வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

நிறம் வரவில்லை என்றால் தொடரலாம். கிளீனரை இருக்கையின் மேல் தெளிக்காமல் மென்மயிர்த் தூரிகையில் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கையில் ஆள் அமர்ந்திருப்பதை உணரும் கருவி, சில வண்டிகளில் சூடேற்றும் கம்பி, காற்று விசிறி ஆகியவை இருக்கும். பக்கவாட்டில் காற்றுப்பையும் (ஏர்பேக்) இருக்கக்கூடும். துளையிட்ட இருக்கையில் நேரே தெளித்த திரவம் அந்த வழியாகத்தான் இறங்கும். ஒரு நேரத்தில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு மேல் எடுக்காமல், அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்து, நுரை பழுப்பாக மாறியதும் ஈரம் பிழிந்த மைக்ரோபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். துணியை அடிக்கடி மடித்துத் தூய பக்கத்தைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் எடுத்த அழுக்கையே திரும்பப் பரப்புவோம். ஐந்தாண்டு அழுக்கு ஒரே முறையில் வராது. வரவில்லையே என்று அழுத்தித் தேய்ப்பதைவிட, உலரவிட்டு இரண்டாம் முறை, மூன்றாம் முறை செய்வதுதான் சரி. பழைய மங்கல் தன்மை திரும்பியதும் நிறுத்திக்கொள்ளுங்கள். முடிந்ததும் கதவுகளைத் திறந்துவைத்து ஒரு மணி நேரமாவது நிழலில் உலரட்டும்.

வீட்டிலிருக்கும் பொருள்களில் எதையும் பயன்படுத்தலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி வாராந்தரத் துடைப்புக்குப் போதும். துணிசோப்பு வேண்டாம், அதன் பி.எச். அளவு 9, 10 வரை போகும். பதனிட்ட தோலோ 3.5 முதல் 5 வரையிலான அமிலத்தன்மையில் நிலைகொண்டிருப்பது. பூச்சில் விரிசல் விட்ட இடங்களில் காரம் உள்ளே இறங்கினால் தோலின் கட்டமைப்பையே தளர்த்தும். பாத்திரம் துலக்கும் திரவம், சமையல் சோடா, பற்பசை எதுவும் வேண்டாம். பற்பசையிலும், அழிப்பான்போல வெள்ளையாக விற்கும் மெலமைன் ஸ்பான்ஜிலும் இருப்பது நுண்ணிய உராய்வுப் பொருள். கறை போனதுபோலத் தெரியும், உண்மையில் போனது மேற்பூச்சு. நகப்பூச்சு நீக்கியிலுள்ள அசிட்டோன் ஒரே துடைப்பில் நிறத்தையே எடுத்துவிடும். கைக்குப் பூசும் சானிடைசரும் அதன் ஆல்கஹாலால் அப்படியே கெடுக்கும். சானிடைசர் பூசிய கை உலர்வதற்கு முன்பே ஸ்டியரிங்கைப் பிடிப்பதால் அதன் தோல் உரிந்த வண்டிகள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன. டேஷ்போர்டுக்குப் பூசும் சிலிக்கோன் பாலிஷையும் இருக்கைக்குக் கொண்டுவராதீர்கள். வழுக்கும் என்பது ஒரு புறம் இருக்க, பின்னாளில் அந்த இருக்கைக்கு மீண்டும் நிறம் ஏற்ற வேண்டி வந்தால் சிலிக்கோன் பட்ட இடத்தில் புதுப்பூச்சு ஒட்டாமல் குழி குழியாக விலகும்.

ஜீன்ஸ் நீலத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். நீலச்சாயம் தண்ணீரில் கரைவதில்லை. பருத்தி நூலின் உள்வரை ஊறாமல் மேற்புறத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது, அதனால்தான் உராய்ந்த இடத்திலெல்லாம் உதிர்கிறது. உதிர்ந்தது சில நாள்வரை இருக்கையின் மேற்பரப்பில் கிடக்கும். அப்போது துடைத்தால் முழுவதும் வந்துவிடும். வியர்வையும் வெப்பமும் சேர்ந்து மாதக்கணக்கில் அழுத்தப்பட்டபின் அது மேற்பூச்சுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. உங்கள் இருக்கையில் இரண்டு வகையும் கலந்திருக்கும். மேலே சொன்ன கிளீனரால் மூன்று முறை செய்து பாருங்கள், வருவது வரும். அதற்குமேல் நிற்கும் நீலத்தைக் கரைப்பான் கொண்டு துரத்தினால் பூச்சும் சேர்ந்து போகும். மீதியை மறுநிறமேற்றும்போது மூடிவிடலாம், அல்லது அப்படியே விட்டுவிடலாம். பால்பாயிண்ட் பேனா மைக்கும் இதே விதி பொருந்தும். பட்ட உடனே ஒற்றி எடுங்கள், தேய்த்துப் பரப்பாதீர்கள்.

விளிம்பு வெடிப்பை நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கோடுகளின் உள்ளே வேறு நிறம் தெரிந்தாலும் விரலால் தடவினால் வழவழப்பாகவே இருக்குமானால் விரிசல் விட்டிருப்பது பூச்சு மட்டும். நகத்தில் தட்டுப்பட்டு, உள்ளே நார் தெரிந்தால் தோலே வெடித்திருக்கிறது. முதல் வகைக்கு, அந்த இடத்தைத் தூய்மை செய்து, நீர் சார்ந்த நிறமிப்பூச்சை மெல்லிய அடுக்குகளாக ஏற்றி, மேலே புதிய மேற்பூச்சு கொடுத்தால் பல ஆண்டுகள் நிற்கும். இரண்டாம் வகைக்கு நெகிழும் நிரப்பி இட்டு, தேய்த்துச் சமன்செய்து, அதன்பின் நிறமேற்ற வேண்டும். வெடிப்பு ஆழமாக இருந்தால் அந்த ஒரு துண்டை மட்டும் பிரித்துப் புதுத் தோல் வைத்துத் தைப்பதே நல்லது. எந்த கண்டிஷனரும் வெடிப்பைத் திரும்ப ஒட்டவைக்காது. ஒட்டும் என்று புட்டியில் எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள்.

தூய்மை செய்து உலர்ந்தபின் பாதுகாப்புப் பூச்சு. பூச்சுள்ள தோலுக்கு வேண்டியது ஊட்டம் அல்ல, மேற்பூச்சு தேய்வதற்கு முன்னால் தான் தேய்ந்து கொடுக்கும் ஒரு மெல்லிய படலம். தோல் பாதுகாப்பான், லெதர் சீலன்ட் என்ற பெயர்களில் நீர் சார்ந்தவை கிடைக்கின்றன. சிறு துண்டு ஸ்பான்ஜில் சிறிதளவு எடுத்து மிக மெல்லியதாகப் பரப்பி, சில நிமிடங்கள் கழித்து உலர்ந்த துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். இரவு முழுவதும் யாரும் அமராமல் இருந்தால் நன்று. ஓட்டுநர் இருக்கைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மற்றவற்றுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். ஒவ்வொரு முறையும் தூய்மை செய்தபின்தான் பூச வேண்டும், இல்லையென்றால் அழுக்கை உள்ளே வைத்து மூடியதாகும். இளநிற இருக்கையில் இதன் முதல் பயன் ஜீன்ஸ் சாயத்தைத் தடுப்பதுதான். அனிலைன் தோலாக இருந்தால் மட்டும் கண்டிஷனருக்கு உண்மையான வேலை உண்டு.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சித்திரை, வைகாசியில் மூடிய காருக்குள் இருக்கை கைவைக்க முடியாத சூட்டுக்குப் போவதை நீங்களே அறிவீர்கள். அந்தச் சூடு தோலின் ஈரப்பதத்தை இழுத்துச் சுருக்குகிறது. புறஊதாக் கதிர் நிறத்தை வெளுக்கிறது. முன்கண்ணாடிக்கு ஒரு நிழல்திரை போட்டாலே பாதி வேலை முடிந்தது.

மழைக்காலத்தில் கேடு வேறு திசையிலிருந்து வரும். ஐப்பசி, கார்த்திகையில் வண்டியைச் சில வாரம் மூடியே வைத்திருந்தால் இருக்கையில் வெள்ளைப் படிவம் காணலாம். உடனே பூஞ்சணம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். தோலுக்குள் இருக்கும் கொழுப்பு சில நேரம் மேலே வந்து வெள்ளைத் தூளாகப் படியும். ஆலையில் அதை ‘ஸ்பூ’ என்போம். முடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூட்டில் காற்றடித்துப் பாருங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு. துணியால் துடைத்தாலே போதும். மறையாமல் நின்று, புழுங்கல் வாடையும் அடித்தால் பூஞ்சணம். அப்படியானால் வண்டியை வெளியே நிறுத்திக் கதவுகளைத் திறந்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து அந்தத் துணியைக் குப்பையில் போட்டுவிட்டு, கிளீனரால் இருமுறை துடைத்து, நன்றாகக் காற்றாட விடுங்கள். காலடி விரிப்பின் அடியில் ஈரம் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். எண்ணெய் பூசிய இருக்கையாக இருந்தால் பூஞ்சணம் திரும்பத் திரும்ப வரும், ஏனென்றால் அதற்கு உணவு அங்கேயே இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் பலரும் செய்வதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையெல்லாம் எதற்கு, மேலே ஒரு ரெக்சின் கவர் போட்டுவிடலாம் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். கவருக்கும் தோலுக்கும் நடுவே மணல் புகுந்து, நீங்கள் அமரும் ஒவ்வொரு முறையும் தேய்க்கும். ஈரமும் அங்கே தங்கும். கழற்றிப் பார்க்கும்போது கவர் புதிதாகவும் இருக்கை பழையதாகவும் இருக்கும். இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை உள்ள வண்டியாக இருந்தால், இறுக்கமாகத் தைத்த கவர் அது விரியும் வழியையே மறித்துவிடும். இருக்கையின் வெளிப்புற ஓரத்தில் காற்றுப்பையைக் குறிக்கும் சிறு அடையாளச் சீட்டு தைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தப் பக்கத்தைக் கைத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், விளிம்பு வெடிப்பைச் செப்பனிடக் கொடுக்கும்போதும் இருக்கையில் காற்றுப்பை இருப்பதை முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள்.